குழாயின்மீது விழும் ஒளியும் நம்மீது விழாத ஒளியும்

வைட்டமின் டி பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டுச் செல்லும் குடும்பத்தினரிடமிருந்து ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "இரத்தக் குழாயை வெளிச்சத்திலேயே வைத்திருந்தார்களே, முடிவு சரியாக இருக்குமா?" என்பதே அது. சில ஆய்வகங்களில் இக்குழாயைக் கறுப்புத் தாளிலோ அலுமினியத் தாளிலோ சுற்றி வைக்கிறார்கள். வேறு சிலவற்றில் மற்றக் குழாய்களோடு சேர்த்துத் திறந்த தாங்கியிலேயே வைக்கிறார்கள். இரண்டையும் கண்டவர் மனத்தில் ஐயம் எழுவது இயல்பே. அதனால் சிலர் இன்னோர் ஆய்வகத்தில் மறுபடியும் இரத்தம் கொடுக்கிறார்கள். அங்கே வேறோர் எண் வருகிறது. முதல் எண் தவறு, அதற்கு வெளிச்சமே காரணம் என்ற முடிவுக்கும் வந்துவிடுகிறார்கள்.

இக்கேள்விக்கு எங்கள் விடை இது: இரத்தம் எடுத்ததற்கும் பரிசோதனைக்கும் இடைப்பட்ட நேரத்தில் குழாயின்மீது விழும் அறை வெளிச்சம் வைட்டமின் டி முடிவைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதில்லை. முடிவை மாற்றக்கூடிய வேறு காரணங்கள் பல உள்ளன. அவற்றைப் பற்றிக் கேட்பவர் மிகச் சிலரே. இந்தப் பரிசோதனையைச் சூழ்ந்துள்ள கவலையில் பெரும்பங்கு தவறான இடத்தில் குவிந்திருக்கிறது என்பதே எங்கள் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே முன்வைக்கிறோம்.

இவ்வச்சம் எங்கிருந்து வந்தது?

ஒளி பொருளைக் கெடுக்கும் என்பதைக் காஞ்சிபுரத்தாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பட்டுச்சேலையை வெயிலில் உலர்த்தக் கூடாது, நிழலில்தான் உலர்த்த வேண்டும் என்பது இங்கே சிறுவர்களும் அறிந்த செய்தி. வெயில் பட்டால் சாயம் வெளிறும். காணத்தக்க ஒரு நிறத்தையே ஒளி கெடுக்குமானால், இரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் ஒரு வைட்டமினைக் கெடுக்காதா என்று எண்ணுவது அறிவுக்குப் பொருந்திய எண்ணமே.

வேதியியலிலும் இதற்கு ஓரளவு அடிப்படை உண்டு. தூய வைட்டமின் டியைக் கரைப்பானில் கரைத்து வைத்தால், புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்கும். மருந்தை ஒளி படாத உறைகளில் அடைத்து விற்பதும் இதனால்தான். சில பரிசோதனைக் கருவிகளின் கையேடுகள் மாதிரியை ஒளியிலிருந்து காக்குமாறு சொல்வதும் உண்டு. கையேடு அவ்வாறு சொன்னால் ஆய்வகம் அதைப் பின்பற்றத்தான் வேண்டும். அதில் எங்களுக்கு மறுப்பில்லை.

ஆயினும் மனித இரத்தத்தில் உள்ள நிலைமை வேறு. பரிசோதனையில் அளக்கப்படுவது 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி என்னும் சேர்மம். தோலில் உருவாகும் அல்லது உணவு, மருந்து வழியே வரும் வைட்டமின் டியைக் கல்லீரல் இவ்வடிவத்துக்கு மாற்றுகிறது. இது இரத்தத்தில் தனித்து மிதப்பதில்லை. அதன் பெரும்பகுதி, தன்னைச் சுமப்பதற்கென்றே உள்ள ஒரு புரதத்தோடு இறுகப் பிணைந்திருக்கிறது. இப்பிணைப்பு அதற்கு ஒரு காப்பு. மேலும், வைட்டமின் டி உறிஞ்சும் ஒளி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாப் பகுதியில், ஏறக்குறைய 265 நானோமீட்டர் அலைநீளத்தை மையமாகக் கொண்டது. அறையில் எரியும் எல்.இ.டி. விளக்கிலோ குழல்விளக்கிலோ அத்தகைய கதிர் மிகக் குறைவு. ஜன்னல் வழியே வரும் வெயிலிலிருந்து அக்கதிரைச் சாதாரணக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடுகிறது.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. சீரத்திலுள்ள 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி, அறை வெப்பநிலையில் நாள்கணக்கில் நிலைத்திருக்கிறது. பலமுறை உறையவைத்து உருக்கினாலும் பெரிதாக மாறுவதில்லை. 2009ஆம் ஆண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த வீல்டர்ஸ், வைன்பெர்க் ஆகிய இருவர் மருத்துவ வேதியியல் இதழொன்றில் வெளியிட்ட குறிப்பு, இதன் உறுதியைப் பாறைக்கே ஒப்பிட்டது. ஆய்வகத்தில் அளக்கப்படும் பொருள்களுள் எளிதில் கெடாதவற்றின் வரிசையில் இதற்கு இடமுண்டு.

இதனால் குழாயை வெயிலில் போட்டுவைக்கலாம் என்று பொருளாகாது. வாகனப் பெட்டியில் மணிக்கணக்கில் சூடேறும் இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடையக்கூடும். அது வேறு பல பரிசோதனைகளைக் கெடுக்கும். எந்த மாதிரியையும் வெப்பத்திலிருந்து காக்க வேண்டும். நாங்கள் சொல்வது இவ்வளவே: குழாயைச் சுற்றியுள்ள தாள் ஓர் ஆய்வகத்தின் தரத்துக்குச் சான்றாகாது, தாள் இல்லாமை தரக்குறைவுக்கும் சான்றாகாது.

ஒளி உண்மையிலேயே கெடுக்கும் மாதிரி

ஒளியைப் பற்றிக் கட்டாயம் கவலைப்பட வேண்டிய பரிசோதனை ஒன்று உண்டு. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வரும்போது செய்யப்படும் பிலிருபின் பரிசோதனையே அது.

இதற்குப் பின்னே ஓர் உண்மை வரலாறு இருக்கிறது. 1956ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்திலுள்ள ராச்ஃபோர்டு பொது மருத்துவமனையில் வார்டு என்னும் செவிலியர், வெயில் நாள்களில் குறைமாதக் குழந்தைகளை வெளியே முற்றத்துக்கு எடுத்துச் செல்வது வழக்கம். அவ்வாறு வெளியே இருந்த ஒரு குழந்தையின் உடலில் மஞ்சள் வெளிறியிருந்ததையும், துணி மூடியிருந்த இடத்தில் மட்டும் மஞ்சள் அப்படியே இருந்ததையும் அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். சில வாரங்களுக்குப் பிறகு, காமாலை முற்றிய ஒரு குழந்தையின் இரத்தக் குழாய் ஆய்வக ஜன்னலோரத்தில் வெயில் படும்படி இருந்துவிட்டது. அதில் அளந்த பிலிருபின், எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்தது. ஒளியே பிலிருபினைச் சிதைத்தது என்பது அதன்பின் தெளிவாயிற்று. கிரெமர், பெர்ரிமன், ரிச்சர்ட்ஸ் ஆகியோர் 1958இல் லான்செட் இதழில் இதை வெளியிட்டனர். இன்று குழந்தைகள் பிரிவில் நாம் காணும் நீல ஒளிச் சிகிச்சை அங்கிருந்து தொடங்கியதே.

பிலிருபினைச் சிதைப்பது கண்ணுக்குத் தெரியும் நீல ஒளி. அது கண்ணாடியைக் கடந்து செல்லும். சாதாரண விளக்கிலும் உள்ளது. ஆகவே வைட்டமின் டி குழாய்க்கு இல்லாத ஆபத்து இக்குழாய்க்கு உண்டு. குழந்தையின் பிலிருபின் உண்மையில் உயர்ந்திருக்க, ஒளிபட்ட மாதிரி குறைந்த எண்ணைக் காட்டினால், தேவையான சிகிச்சை தாமதமாகலாம். மிக உயர்ந்த பிலிருபின் குழந்தையின் மூளையை நிரந்தரமாகப் பாதிக்கவல்லது. எனவே பச்சிளங்குழந்தையின் காமாலைப் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும்போது, "குழாயை ஒளி படாமல் மூடுவீர்களா? எவ்வளவு நேரத்தில் ஆய்வகத்துக்குச் செல்லும்?" என்று தாயோ பாட்டியோ கேட்பது முற்றிலும் முறையானது. வைட்டமின் ஏ, வைட்டமின் பி6 முதலிய சில பரிசோதனைகளுக்கும் ஒளிக் காப்பு வேண்டும்.

வைட்டமின் டி குழாய்க்காக நாம் படும் கவலையில் பாதியைப் பிலிருபின் குழாய்க்கு மாற்றினாலே பெரும் பயன் விளையும்.

அப்படியாயின் எண் ஏன் மாறுகிறது?

முதற்காரணம், அளக்கும் முறை. பெரும்பாலான ஆய்வகங்கள் இம்யூனோஅஸ்ஸே என்னும் எதிர்ப்பொருள் முறையைக் கையாள்கின்றன. சில பெரிய ஆய்வகங்கள் நிறநிரல் நிறமாலைமானி முறையைக் கையாள்கின்றன. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே இரத்தத்துக்குச் சற்றே வேறுபட்ட எண்களைத் தருவது உலகெங்கும் அறியப்பட்ட சிக்கல். இதைச் சீர்செய்யும் நோக்கத்துடன் 2010இல் அமெரிக்காவில் வைட்டமின் டி தரப்படுத்தும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. ஓர் ஆய்வகத்தில் 18, இன்னொன்றில் 22 என்று வந்தால், ஒன்று பொய் மற்றொன்று மெய் என்று கொள்ளத் தேவையில்லை. இரண்டும் ஒரே நிலையையே சுட்டக்கூடும்.

இரண்டாவது, அலகு. சில அறிக்கைகள் நானோகிராம்/மி.லி. என்னும் அலகிலும், சில நானோமோல்/லிட்டர் என்னும் அலகிலும் எழுதப்படுகின்றன. முன்னதை 2.5ஆல் பெருக்கினால் பின்னது கிடைக்கும். ஆகவே 20 என்பதும் 50 என்பதும் ஒரே அளவாக இருக்கலாம். வெளிநாட்டில் உள்ள மகனோ மகளோ அனுப்பிய அறிக்கையோடு இங்குள்ளதை ஒப்பிடும்போது இக்குழப்பம் நேர வாய்ப்புண்டு.

மூன்றாவது, பயோட்டின். முடி, நகம் வளர்ச்சிக்கென்று விற்கப்படும் மாத்திரைகள் பலவற்றில் இந்த வைட்டமின் மிகுந்த அளவில் உள்ளது. சில கருவிகளின் அளக்கும் முறையே பயோட்டினை அடிப்படையாகக் கொண்டது. இரத்தத்தில் அது மிகுந்திருந்தால், அத்தகைய கருவியில் வைட்டமின் டி உள்ளதைவிட உயர்வாகத் தோன்றலாம். தைராய்டு பரிசோதனைகளும் தவறலாம். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனை குறைவாகக் காட்டலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017ஆம் ஆண்டு நவம்பரில் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. முடி உதிர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர், இரத்தம் கொடுக்கும் முன் அதை மருத்துவரிடமும் ஆய்வகத்தாரிடமும் சொல்ல வேண்டும். குழாயின்மீது பட்ட வெளிச்சத்தைவிட இந்த மாத்திரை பன்மடங்கு முக்கியமானது.

நான்காவது, காலம். 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டியின் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று வாரம் ஆகும். எனவே அது காட்டுவது நேற்றைய நிலையை அன்று; கடந்த பல வாரங்களின் நிலையை. மருந்து தொடங்கிப் பத்து நாளில் மறுபரிசோதனை செய்வதால் தெளிவு பிறக்காது. பொதுவாக மூன்று மாத இடைவெளி பொருத்தமானது. அதையும் அதே ஆய்வகத்தில் செய்தால்தான் ஒப்பிட இயலும். இப்பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டிய தேவையும் இல்லை.

ஐந்தாவது, ஆள் மாறாட்டம். இதுவே எல்லாவற்றினும் கொடியது. இத்தாலியின் படுவா நகரில் பிளெபானி, கர்ராரோ என்னும் இருவர் 1997இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், அவசர ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட தவறுகளில் 68 விழுக்காடு, கருவிக்குள் மாதிரி செல்வதற்கு முன்பே நிகழ்ந்தவை. கருவி செய்த தவறுகள் சுமார் 13 விழுக்காடே. மாதிரியை எடுத்தல், குழாயைத் தேர்ந்தெடுத்தல், பெயரெழுதுதல், அனுப்புதல் ஆகிய எளிய செயல்களில்தான் ஆபத்து மிகுதி. ஒரே தெருவில் ஒரே பெயரில் பலர் வாழும் ஊர் நம்முடையது. குழாயில் பெயர், வயது, எண் ஆகியவை நம் கண்முன்னே ஒட்டப்படுகின்றனவா என்று பார்ப்பது நோயாளியாலும் உடன் வந்தவராலும் ஒரு நிமிடத்தில் முடியும் செயல்.

நம்மீது விழாத ஒளி

இனி, வைட்டமின் டியும் ஒளியும் உண்மையில் சந்திக்கும் இடத்துக்கு வருவோம். அது நம் தோல். சூரிய ஒளியிலுள்ள புற ஊதா-பி கதிர், ஏறக்குறைய 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள பகுதி, தோலிலுள்ள ஒரு கொழுப்புப் பொருளை வைட்டமின் டியின் முன்வடிவமாக மாற்றுகிறது. இக்கதிர் ஜன்னல் கண்ணாடியைக் கடப்பதில்லை. ஆகவே குழாயைக் காக்கும் அதே கண்ணாடி, வீட்டுக்குள் இருப்பவருக்கு வைட்டமின் டி கிடைக்காமலும் செய்கிறது.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் இக்குறைபாடு எவ்வாறு வரும் என்று வியப்பவர் உண்டு. 1920களிலேயே பம்பாய் மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர்கள் இதற்கு விடை கண்டிருந்தனர். வசதியான குடும்பங்களில் நல்ல உணவு உண்டும் வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்ட பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எலும்பு மெலிந்து வளைந்தது. எளிய உணவு உண்டு வெயிலில் திரிந்த ஏழைக் குழந்தைகளுக்கு அந்நோய் குறைவாக இருந்தது.

நமக்கு அண்மையிலுள்ள திருப்பதியில் சி.வி. ஹரிநாராயணும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வுகள் நம் ஊருக்கு மிகவும் பொருந்துபவை. 2007இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, வயலில் உழைக்கும் ஊர்ப்புற ஆண்களிடம் நகர்ப்புறத்தாரைவிட வைட்டமின் டி மிகுந்திருந்ததைக் காட்டியது. ஆயினும் நகரத்திலும் ஊர்ப்புறத்திலும் குறைபாடு பரவலாகவே இருந்தது. ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாக இருந்தது. உணவில் கால்சியம் குறைவாகவும், அதை உடல் ஏற்காமல் தடுக்கும் ஃபைட்டேட் மிகுதியாகவும் இருந்தன. நாளின் எந்த நேரத்து வெயிலில் வைட்டமின் டியின் முன்வடிவம் மிகுதியாக உருவாகிறது என்பதையும் அங்கே அளந்தார்கள். காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான வெயிலே முதலிடம் பெற்றது.

இதைக் காஞ்சிபுரத்து நெசவாளர் வாழ்வோடு பொருத்திப் பாருங்கள். பிள்ளையார்பாளையத்திலும் பிற நெசவாளர் தெருக்களிலும் குழித்தறி வீட்டின் உட்பகுதியில் இருக்கிறது. பட்டு நூலுக்கு வெயில் ஆகாது, சாயத்துக்கும் ஆகாது. ஆகவே தறியிருக்கும் அறை நிழலிலேயே இருக்கும். கால்களைக் குழியில் இறக்கி, நாள் முழுவதும் அங்கே அமர்ந்திருக்கும் ஆணும் பெண்ணும், கோர்வை போட எதிரே உதவுபவரும் வெயில் காண்பது அரிது. தெருவில் பாவு விரிக்கும்போது வெளியே வருகிறார்களே என்றால், அது அதிகாலை வேலை. இளவெயில் இதமானது, உடலுக்கும் மனத்துக்கும் நல்லது. ஆனால் சூரியன் தாழ்ந்திருக்கும் அந்நேரத்தில் புற ஊதா-பி கதிர் காற்று மண்டலத்தைக் கடந்து நம்மிடம் வருவது மிகக் குறைவு. "காலை இளவெயிலில் நின்றால் வைட்டமின் டி கிடைக்கும்" என்று பலரும் சொல்வது, துரதிருஷ்டவசமாக, பெரிதும் பயன் தராத அறிவுரை.

இதற்குக் கடிகாரமும் வேண்டா. நிலத்தில் விழும் நம் நிழல் நம் உயரத்தைவிட நீளமாக இருந்தால் அவ்வெயிலால் வைட்டமின் டி அதிகம் உருவாகாது. நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருந்தால் உருவாகும். நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதியில் காலை பத்து மணிக்குச் சற்று முன்பின்னாக அந்நிலை வந்துவிடுகிறது. முகம், கைகள், கால்கள் வெயில் படும்படி கால் மணி முதல் அரை மணி நேரம், வாரத்தில் சில நாள்கள், வெளியே நடப்பது பலருக்கும் இயன்றது. கருநிறத் தோலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களின் உச்சி வெயிலில் எவரும் நிற்க வேண்டியதில்லை. பத்து மணி அளவிலேயே முடித்துக்கொள்ளலாம். முதியோர், கருவுற்றோர், இதய நோயாளிகள் வெப்பத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். லூபஸ் நோயுள்ளோரும், வெயிலில் தோல் எரியச் செய்யும் மருந்து உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் இதைச் செய்யலாகாது.

வெயில் மட்டும் போதாது. எலும்புக்குக் கால்சியமும் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. முளைகட்டிய கேழ்வரகிலும், புளிக்கவைத்த கூழிலும் ஃபைட்டேட் குறைகிறது. நம் முன்னோர் கூழைப் புளிக்கவைத்துக் குடித்ததற்கு இப்படியொரு பயனும் உண்டு. பால், தயிர், மோர், கீரை ஆகியவற்றையும், புலால் உண்போர் முள்ளோடு உண்ணத்தக்க சிறுமீனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

யாருக்குப் பரிசோதனை வேண்டும்?

உடல் வலி என்று வருவோர் அனைவருக்கும் இப்பரிசோதனை தேவையில்லை என்பதே எங்கள் நிலைப்பாடு. 2024ஆம் ஆண்டில் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல், நலமாக உள்ளவர்களுக்கு வழக்கமாக வைட்டமின் டி அளவைப் பரிசோதிப்பதற்கு எதிராகவே அறிவுறுத்துகிறது. வெயில் காணாதவர் ஒருவரைப் பரிசோதித்தால் குறைந்த எண் வருவதற்கே வாய்ப்பு அதிகம். அந்த எண்ணே அவருடைய வலிக்குக் காரணம் என்று கொள்வதில்தான் பிழை நுழைகிறது.

தறியில் அமரும் ஒருவரின் முதுகுவலிக்கு, குனிந்த இருக்கையும் ஓய்வின்மையும் காரணமாக இருக்கலாம். அவருக்கு எண்ணைக் காட்டி மருந்து கொடுத்தால் எண் உயரும். இருக்கை மாறாதவரை வலி இருக்கும். மாறாக, இடுப்பிலும் தொடையிலும் எலும்பு வலி, தரையிலிருந்து எழ இயலாத தசைத் தளர்ச்சி, அசைந்தசைந்து நடக்கும் நடை ஆகியவை உள்ள ஒரு பெண்ணுக்கு இப்பரிசோதனை மிகவும் அவசியம். அவருக்கு ஆஸ்டியோமலேசியா என்னும் எலும்பு மென்மை நோய் இருக்கலாம். அது முழுமையாகக் குணமாகக்கூடியது. "வயதாகிவிட்டது, மூட்டு வலி" என்று அவரை வீட்டில் உட்கார வைத்துவிடுவது பேரிழப்பு. குழந்தைகளின் கால் வளைவு, சிறுநீரக நோய், கல்லீரல் நோய், உணவுச்சத்தை உறிஞ்ச இயலாத குடல் நோய், நெடுநாள் வலிப்பு மருந்து, எலும்புத் தேய்மானம், பாராதைராய்டு சுரப்பிக் கோளாறு ஆகியவை உள்ளோருக்கும் பரிசோதனை தேவைப்படும். அப்போதும் கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் தெரியும்.

மருந்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. 60,000 யூனிட் வைட்டமின் டி உள்ள பொடியும் மாத்திரையும் நம் நாட்டில் எளிதில் கிடைக்கின்றன. அவை பொதுவாக வாரம் ஒரு முறை என்ற கணக்கில், சில வாரங்களுக்கு மட்டும் கொடுக்கப்படுபவை. அவற்றை நாள்தோறும் உட்கொள்வதும், சீட்டு முடிந்த பின்னும் மாதக்கணக்கில் தொடர்வதும், ஊசியும் பொடியும் சேர்த்துப் பெறுவதும் நஞ்சாகலாம். இத்தகைய நோயாளிகளைப் பற்றிக் காஷ்மீர் மருத்துவர்கள் 2011இல் எழுதியுள்ளனர். குறைபாடு மலிந்த பகுதியிலேயே மிகை மருந்தால் துன்புற்றவர்கள் அவர்கள். இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மனக்குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை தோன்றும். வீட்டில் பெரியவர் ஒருவர் இம்மருந்து எடுத்துவரும் நாளில் இவ்வறிகுறிகள் தென்பட்டால் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மருந்து உறைகளையும் கொண்டு வாருங்கள்.

எங்கள் வேண்டுகோள்

குழாயை மூடுவதற்கு ஒரு துண்டுத் தாள் போதுமே, மூடிவிட்டால் என்ன குறை என்று கேட்கலாம். குறை ஒன்றுமில்லை, மூடட்டும். ஆனால் தாளைக் கண்டு அமைதி அடைபவர் மற்றவற்றைக் கேட்பதில்லை. எங்கள் கவலை அதுதான்.

ஆய்வகத்தாரிடம் நாங்கள் எதிர்பார்ப்பவை: அறிக்கையில் அளக்கும் முறையையும் அலகையும் தெளிவாக எழுதுதல், இரத்தம் எடுக்கும் முன் பயோட்டின் பற்றிக் கேட்டல், நோயாளியின் முன்னிலையிலேயே பெயர் ஒட்டுதல், பச்சிளங்குழந்தைகளின் பிலிருபின் மாதிரியைத் தவறாமல் மூடி விரைந்து அனுப்புதல், வெளித்தர மதிப்பீட்டுத் திட்டத்தில் பங்கேற்றல். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அத்தகைய திட்டத்தை நடத்திவருகிறது. உள்ளடக்கம் அறிவிக்கப்படாத மாதிரிகள் ஆய்வகங்களுக்கு அனுப்பப்படும். அவர்கள் கண்ட எண்கள் பிற ஆய்வகங்களின் எண்களோடு ஒப்பிடப்படும். ஐ.எஸ்.ஓ. 15189 தரப்படி என்.ஏ.பி.எல். ஏற்பு பெற்ற ஆய்வகங்களுக்கு இத்தகைய ஒப்பீடு கடமையாகும். "இதில் நீங்கள் பங்கேற்கிறீர்களா?" என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

மருத்துவர்களிடம் எங்கள் வேண்டுகோள்: இப்பரிசோதனையை எழுதும்போது அதன் காரணத்தை நோயாளிக்கு ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். மருந்தை எழுதும்போது அதை நிறுத்த வேண்டிய தேதியையும் எழுதுங்கள்.

குடும்பத்தாரிடம் எங்கள் வேண்டுகோள்: எண் சற்று மாறியதற்காக ஆய்வகம் ஆய்வகமாக அலைய வேண்டா. அறிக்கைகளைத் தேதி வரிசையில் ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் பெயரையும், முடிக்கும் அழகுக்கும் வாங்கியவை உட்பட, எழுதிக் கொண்டு வாருங்கள். தறியில் அமரும் பெரியவர்களையும், வீட்டு வேலை ஓயாத பெண்களையும், படுக்கையிலிருந்து எழத் தொடங்கியுள்ள நோயாளிகளையும் பத்து மணி வெயிலில் சிறிது நேரம் வாசலுக்கோ மாடிக்கோ அழைத்துச் செல்லுங்கள். தறி சற்று நேரம் நின்றால் அன்றைய நெசவில் சில அங்குலம் குறையும் என்பதை நாங்கள் அறிவோம். கூலிக்கு நெய்பவருக்கு அது சிறிய இழப்பன்று. எனினும் இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் தறி நிற்பதோடு ஒப்பிட்டு அதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.